சாரி கார்டைக் கழற்றும் சூரர்களுக்கு...

1985-ல் வந்து 1996-ல் நின்றுபோன யமஹா ஆர்எக்ஸ் 100-ஐ வடபழனிப் பசங்க இன்னும் விடுறதா இல்ல. நல்லது! கிடைக்காத பார்ட்ஸை லேத்தில் கடைஞ்சு போடுறதும் திறமைதான்.

ஆனா 'வெயிட்டைக் குறைக்கிறேன்'னு கழற்றுறது எதை? சாரி கார்டை! வண்டியே நூறு கிலோ சொச்சம். அந்தக் கம்பி எவ்வளவு இருந்துடும்? பின்சக்கரத்தில் பாதியாவது மறைஞ்சிருக்கணும்னு மத்திய மோட்டார் வாகன விதி 123 சொல்லுது. காரணம், பின்னாடி உட்கார்றவங்க துணி சிக்கக்கூடாது.

முருகன் கோயிலுக்குப் பின்சீட்டில் வர்ற அம்மாவோட முந்தானை ஸ்போக்ஸில் மாட்டினா, குறைஞ்ச எடையால யாருக்கு என்ன லாபம்?

கைவேலை தெரிஞ்சவன் அலுமினியத்துல லேசா ஒரு கார்டு செஞ்சு மாட்டட்டும். அதுதான் எடை குறைப்பு. கழற்றி எறிய ஸ்பானர் போதும், மூளை தேவையில்ல!