குளிர்ச்சி முதலாளிக்கு, நச்சுக்காற்று தொழிலாளிக்கா?

2020 ஆகஸ்ட் 20 அன்று சித்தூர் மாவட்டம் பூதலப்பட்டு அருகே, பண்டபள்ளியில் உள்ள தனியார் பால் பதப்படுத்தும் ஆலையில் அமோனியா கசிந்தது. பத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் மூச்சுத்திணறி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 2024 ஜூலையில் தூத்துக்குடி மாவட்ட மீன் பதப்படுத்தும் ஆலையொன்றிலும் அதே அமோனியா கசிந்தது. அங்கும் மயங்கி விழுந்தவர்கள் பெண்களே. பலர் ஒடிசாவிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள்.

குற்றவாளி அமோனியாவா? இல்லை. புவியை வெப்பமாக்கும் திறன் அதற்குப் பூச்சியம். ஏ.சி. இயந்திரங்களில் நிரப்பப்படும் ஆர்-410ஏ வாயுவுக்கோ அத்திறன் கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 2,088 மடங்கு. இத்தகைய வாயுக்களைக் குறைக்கும் கிகாலி ஒப்பந்தத்தை இந்தியா 2021இல் ஏற்றது. 2032 முதல் படிப்படியாகக் குறைக்க வேண்டும். மாற்றம் தேவை என்பதில் ஐயமில்லை. அமோனியாவைத் தடை செய் என்ற கூக்குரல், கெமோர்ஸ் போன்ற பன்னாட்டு நிறுவனங்கள் காப்புரிமை கொண்டு விற்கும் செயற்கை வாயுக்களுக்கே சந்தையைத் திறந்துவிடும்.

கேள்வி வேறு: மாற்றத்தின் ஆபத்தைச் சுமப்பது யார்? திருப்பதி மாவட்டம் ஸ்ரீசிட்டியில் டைகின், புளூ ஸ்டார் முதலியவை ஏ.சி. ஆலைகளை நிறுவியுள்ளன. ஏ.சி., எல்.இ.டி. உற்பத்திக்கென ஒன்றிய அரசு ஒதுக்கிய ஊக்கத்தொகை ரூ.6,238 கோடி. புதிய வாயுக்களில் ஆர்-32 மெல்லத் தீப்பற்றும். புரொப்பேன் எளிதில் தீப்பற்றும். சிலிண்டரை இருசக்கர வண்டியில் கட்டிக்கொண்டு வீடு வீடாகச் செல்லும் பழுதுநீக்கும் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ.யும் இல்லை, முறையான பயிற்சியும் இல்லை.

சட்டமோ பின்னோக்கி நடக்கிறது. போபால் படுகொலைக்குப் பின் 1987இல் திருத்தப்பட்ட தொழிற்சாலைச் சட்டம், அபாயப் பொருள்களைக் கையாளும் ஒவ்வோர் ஆலையிலும் தொழிலாளர் சமபங்கு பெறும் பாதுகாப்புக் குழுவைக் கட்டாயமாக்கியது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்பு, அதை அரசு ஆணையிட்டால் மட்டுமே அமையும் குழுவாகச் சுருக்கிவிட்டது. அபாயகரமான ஆலையிலும் 250 பேரோ அதற்கு மேலோ இருந்தால்தான் பாதுகாப்பு அதிகாரி கட்டாயம். 249 பேர் வேலை செய்யும் ஆலையில் அமோனியா நச்சாக இராதா?

எனவே கோரிக்கைகள் தெளிவானவை. அமோனியா பயன்படுத்தும் ஒவ்வோர் ஆலையிலும், ஆள் எண்ணிக்கை பாராமல், தொழிலாளர் தேர்ந்தெடுக்கும் பாதுகாப்புக் குழு வேண்டும். கசிவை உணர்த்தும் கருவிகள், முகக்கவசங்கள், அவசர வழிகள் ஆகியவை ஒப்பந்தத் தொழிலாளர்க்கும் உறுதி செய்யப்பட வேண்டும். ஆய்வாளர்கள் முன்னறிவிப்பின்றி நுழையும் அதிகாரம் உறுதி செய்யப்பட வேண்டும். பழுதுநீக்கும் தொழிலாளர்க்கு அரசு செலவில் பயிற்சியும் காப்பீடும் வேண்டும்.

பால் பண்ணை, மாம்பழக்கூழ் ஆலை, குளிர்பதனக் கிடங்கு ஆகியவற்றின் வாயில்கள்தோறும் இக்கோரிக்கைகளைத் தோழர்கள் கொண்டுசெல்ல வேண்டும். பூமியைக் காக்கும் பணி, அதைச் செய்யும் தொழிலாளியின் மூச்சைக் காப்பதிலிருந்தே தொடங்குகிறது.