கம்ப்யூட்டருக்கு முன்னால் கத்தரிக்கோல்

நம் பிள்ளைகள் சிலர் இப்போது அனிமேஷன், மோஷன் டிசைன் என்று படிக்கப் போகிறார்கள். கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கத்திலிருந்து கோயம்புத்தூருக்கும், மூணாறு, பீர்மேடு தோட்டங்களிலிருந்து கொச்சிக்கும் போகிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் அங்கே முதலில் என்ன சொல்லித்தருகிறார்கள் என்று பெற்றோர் ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டரைத் திறக்கும் முன்னர், கையால் படத்தை அசைய வைக்கும் பயிற்சி வர வேண்டும் என்பது என் கருத்து.

திரைப்படத்தில் ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஒரு சித்திரத்தை இரண்டு முறை படம்பிடித்தாலும் நொடிக்கு 12 சித்திரம், நிமிடத்துக்கு 720 சித்திரம் வேண்டும். பந்து ஒன்று கீழே விழுவதை 12 தாளில் வரைந்த மாணவனுக்கு ஓர் உண்மை புரிந்துவிடும். மேலே பந்துகள் நெருங்கி இருக்க வேண்டும், தரையை நெருங்க நெருங்க இடைவெளி கூட வேண்டும். கம்ப்யூட்டரில் தொடக்கத்தையும் முடிவையும் காட்டினால் போதும், நடுவில் உள்ளதை அதுவே நிரப்பிக் கொள்ளும். ஆனால் இரும்புக் குண்டு பஞ்சு போல இறங்கினால், அது தவறு என்று கண்டுபிடிக்கும் கண்ணை எந்த மென்பொருளும் தராது.

ஜெர்மனியில் லோட்டே ரைனிகர் என்ற பெண்மணி, கறுப்பு அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டி, மூட்டுகளைக் கம்பியால் இணைத்து, கீழே விளக்கு எரியும் கண்ணாடி மேசையில் வைத்து, சிறிது சிறிதாக நகர்த்திப் படம்பிடித்தார். சுமார் மூன்று ஆண்டு உழைப்பில் 1926-ல் 'இளவரசர் அக்மது' கதை முழுநீளப் படமாக வெளிவந்தது. இன்று கிடைக்கும் முழுநீள அனிமேஷன் படங்களில் மிகப் பழையது அதுதான்.

அந்த வித்தைக்கு மூத்த வித்தை நம் பாலக்காட்டிலேயே இருக்கிறது. பகவதி கோயில்களின் கூத்துமாடத்தில் ஆடும் தோல்பாவைக்கூத்தைச் சொல்கிறேன். 42 அடித் திரை, பின்னால் வரிசையாக 21 விளக்குகள், தோலில் வெட்டித் துளையிட்ட பாவைகள். சில கோயில்களில் 21 இரவுகள் வரை நடக்கும். பெரும்பாலான பாவைகளுக்கு ஒரு கை மட்டுமே அசையும். அந்த ஒரு கையைக் கொண்டே கோபம், கெஞ்சல், கட்டளை எல்லாவற்றையும் காட்டிவிடுகிறார்கள். எதை அசைக்க வேண்டும், எதை அசைக்காமல் விட வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் உண்டா?

இதில் நமக்கு இன்னொரு செய்தியும் உண்டு. அங்கே ஒலிப்பவை கம்பனின் தமிழ்ப் பாட்டுகள். ஷொரனூரை அடுத்த கூனத்தறையில் மலையாளம் பேசும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அவற்றை மனப்பாடம் செய்து வருகின்றன. அவர்களுக்குப் பட்டமே 'புலவர்'. 2021-ல் ராமச்சந்திர புலவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. தமிழ்நாட்டில் பாவைக்கூத்து நடத்தும் குடும்பங்களோ வீட்டில் மராத்தி பேசுபவர்கள். ஆக, கலையும் மொழியும் கற்றுக்கொள்பவருக்கே சொந்தம். நம் பிள்ளைகள் அதைக் கற்காமல் விட்டால் குறை யாருடையது?

"ஃபீஸ் கட்டிப் படிக்க வைக்கிறோம், வேலைக்கு மென்பொருள்தானே கேட்கிறார்கள்?" என்று பெற்றோர் கேட்பது நியாயம். மென்பொருள் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் மென்பொருள் சில ஆண்டுக்கு ஒருமுறை மாறும். செயற்கை நுண்ணறிவு இப்போது கேட்டவுடன் படத்தை அசைத்தே தந்துவிடுகிறது. தந்தது நன்றா என்று சொல்லத் தெரிந்தவனுக்குத்தான் நாளை வேலை. 2021-ல் பாலக்காட்டில் ரோபோவைக் கொண்டும் பாவைகளை ஆட்டிக் காட்டினார்கள். கை எப்படி அசைய வேண்டும் என்று அந்த ரோபோவுக்குச் சொல்லித்தர, கூத்துத் தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

நம் சங்கம் வரும் கோடை விடுமுறையில் ஒரு வாரப் பயிற்சி நடத்தலாம். பெரிய செலவில்லை. ஒரு வெள்ளை வேட்டி, விளக்கு, அட்டை, கத்தரிக்கோல், நூல், ஒரு செல்போன் போதும். பாலக்காட்டிலிருந்து ஒரு புலவரை அழைத்துப் பிள்ளைகளோடு உட்கார வைப்போம். பொன்னாடையோடு நிறுத்திவிடாமல், கல்லூரி ஆசிரியருக்குத் தருவது போன்ற ஊதியத்தையும் தருவோம். பாவையோடு நாலு பாட்டும் பிள்ளைகளின் நாவில் ஏறும். இடுக்கிப் பிள்ளைகளுக்குத் தங்க இடம் கொடுக்க முன்வரும் பாலக்காட்டு அன்பர்கள் சங்கச் செயலாளரிடம் பெயர் தரலாமே!