ஏசி கேஸ் தீராது... கசியும்! பிக்அப் வண்டி வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

"அண்ணே, கேஸ் இறங்கிடுச்சு. ஏத்திட்டா ஜில்லுனு ஆகிடும்!"

பிக்அப் வண்டியின் ஏசி மக்கர் செய்தால், ஒர்க்‌ஷாப்பில் முதலில் காதில் விழும் வசனம் இதுதான். கேஸ் ஏற்றியதும் ஜில்லென்றுதான் இருக்கும். இரண்டு மாதம் கழித்து மறுபடியும் அனல் காற்று, மறுபடியும் கேஸ், மறுபடியும் செலவு!

இந்தச் சுழலிலிருந்து வெளியே வர ஒரு விஷயம் புரிந்தால் போதும். டீசல் மாதிரி ஏசி கேஸ் எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்களுக்குள்ளேயே சுற்றி வருகிறது. பல வருடங்களில் ரப்பர் ஹோஸ் வழியாகக் கொஞ்சம் குறையலாம். இரண்டு மாதத்தில் குறைந்தால் எங்கோ லீக் இருக்கிறது. லீக்கை அடைக்காமல் கேஸ் ஏற்றுவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான்.

காய்கறியும் மீனும் தண்ணீர் கேனும் ஏற்றிக்கொண்டு மதிய வெயிலில் ஓடுபவருக்கு ஏசி சொகுசு இல்லை. முன்னால் என்ஜின் சூடு, தலைக்கு மேல் தகரம். சூட்டில் களைத்தால் கவனம் சிதறும், பிரேக் போடும் நொடி தள்ளிப்போகும். 3.5 டன்னுக்கு மேற்பட்ட எடைப் பிரிவு சரக்கு வாகனங்களில், 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் வண்டிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது. அதற்குக் கீழே உள்ள சிறிய பிக்அப்கள் இந்த விதிக்குள் வராது. ஆக, இருக்கிற ஏசியை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

செலவே இல்லாத சோதனைகள்

ஒர்க்‌ஷாப்புக்குப் போவதற்கு முன் நீங்களே பார்க்கலாம். பெல்ட், ஃபேன் பக்கம் மட்டும் கையைக் கொண்டுபோக வேண்டாம்.

* என்ஜினை ஓடவிட்டு ஏசி பட்டனை அழுத்துங்கள். 'டிக்' என்று சத்தம் வந்து கம்ப்ரஸரின் முன்பகுதி சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் உடனே "கம்ப்ரஸர் போச்சு" என்று முடிவுகட்ட வேண்டாம். ஃபியூஸ், ரிலே, வயர் எதுவாகவும் இருக்கலாம். கேஸ் மிகவும் குறைந்திருந்தாலும், கம்ப்ரஸரைக் காப்பாற்ற பிரஷர் சுவிட்ச் அதை ஓடவிடாது.

* ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்ஸரைப் பாருங்கள். மண் ரோட்டில் ஓடும் வண்டியில் தூசி, வைக்கோல், பூச்சி எல்லாம் அங்கேதான் அடையும். என்ஜினை நிறுத்தி, சூடு ஆறிய பிறகு சாதாரணக் குழாய்த் தண்ணீரால் கழுவுங்கள். பிரஷர் வாஷ் அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

* கேபின் ஃபில்டர் உள்ள வண்டி என்றால் கழற்றித் தட்டிப் பாருங்கள். அழுக்கு நிரம்பியிருந்தால் மாற்றுங்கள்.

அறிகுறியும் காரணமும்

ஓடும்போது குளிர்கிறது, சிக்னலில் நின்றால் சூடாகிறதா? கண்டென்ஸர் ஃபேன் ஓடுகிறதா என்று பாருங்கள்.

முதலில் குளிர்ந்து, அரை மணி நேரத்தில் காற்றின் வேகமே குறைகிறதா? கூலிங் காயிலில் ஐஸ் கட்டியிருக்கலாம். குளிரைக் கட்டுப்படுத்தும் சென்ஸரையும் ஃபில்டரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கம்ப்ரஸர் சில நொடிகளுக்கு ஒருமுறை 'டிக், டிக்' என்று ஓடி ஓடி நிற்கிறதா? கேஸ் குறைவு என்று சந்தேகிக்கலாம். குழாய் இணைப்பில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் அங்கேதான் லீக் இருக்க வாய்ப்பு அதிகம். கேஸோடு கம்ப்ரஸர் ஆயிலும் சேர்ந்து வெளியே வரும்.

வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டினால் பயப்பட வேண்டாம், அது இயல்பு. கேபினுக்குள் சொட்டினால் மட்டும் வடிகால் குழாய் அடைத்திருக்கிறது என்று அர்த்தம்.

ஒர்க்‌ஷாப்பில் என்ன கேட்க வேண்டும்?

முதலில் லீக் எங்கே என்று காட்டச் சொல்லுங்கள். நைட்ரஜன் ஏற்றி சோப்பு நுரை வைத்தோ, லீக் டிடெக்டர் வைத்தோ கண்டுபிடிப்பார்கள். பல நேரம் சின்ன ஓ-ரிங்கை மாற்றினாலே வேலை முடிந்துவிடும்.

அடுத்து வேக்கம். குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுத்து எடுக்கக் குறைந்தது அரை மணி நேரமாவது பம்ப் ஓட வேண்டும். பம்பை நிறுத்திய பிறகு மீட்டர் முள் ஏறாமல் நின்றால், அடைத்த இடம் தாங்குகிறது என்று நம்பலாம்.

கடைசியாக எடை. பானெட்டுக்கு அடியில் இருக்கும் ஸ்டிக்கரில் எத்தனை கிராம் கேஸ் என்று போட்டிருக்கும். அதே அளவை எடை மெஷினில் வைத்து ஏற்ற வேண்டும். என்ஜின் ஓடாதபோது மீட்டரைக் காட்டி "ஃபுல்லா இருக்கு" என்றால் நம்ப வேண்டாம். 35 டிகிரி வெயிலில், உள்ளே 500 கிராம் ஆர்-134ஏ இருந்தாலும் 200 கிராம் இருந்தாலும் மீட்டர் ஏறக்குறைய ஒரே அளவைத்தான் காட்டும். சுமார் 115 பிஎஸ்ஐ. கேஸ் அதிகமானாலும் குளிர் குறையும்.

இது மட்டும் வேண்டாம்

குழாயை நீங்களே கழற்றாதீர்கள். இந்தக் கேஸ் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதிக்கும். பீறிட்டால் தோலும் கண்ணும் உறைந்து காயமாகும். விலை குறைவு என்று சமையல் கேஸை ஏற்றச் சொன்னால் சம்மதிக்கவே கூடாது. கேபினுக்குள் கசிந்தால் ஒரு தீப்பொறி போதும்.

பழைய கேஸைக் காற்றில் திறந்துவிடுவதும் தவறு. ஆர்-134ஏ, நூறு ஆண்டுக் கணக்கில், கார்பன் டை ஆக்ஸைடைப் போல 1,430 மடங்கு பூமியைச் சூடாக்கும். ரிகவரி மெஷின் இருக்கும் கடையாகப் பார்த்துப் போங்கள்.

பில் வாங்கும்போது 'கேஸ் ஃபில்லிங்' என்று மட்டும் எழுதியிருந்தால் திருப்பிக் கொடுங்கள். எந்த இடத்தில் லீக், என்ன மாற்றினார்கள், எத்தனை கிராம் ஏற்றினார்கள் என்று எழுதி வாங்குங்கள். அடுத்த கோடையில் மறுபடியும் அனல் காற்று வந்தால், எங்கிருந்து தேட வேண்டும் என்று அந்த பில்லே சொல்லிவிடும்.