சேவைக்கு எதுக்குய்யா தேதி?

போன வாரம் ஒரு நண்பர்கிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். அந்தக் கடுப்புல எழுதற பதிவு இது. கொஞ்சம் நீளம், கொஞ்சம் காரம். ஆணி அதிகமா இருக்கறவங்க சாயங்காலமா வந்து படிங்க.

நாங்க பதினாலு பேர் சேர்ந்து லிப்ரேஆபிஸுக்கு ஒரு தமிழ்ச் சொற்பிழை திருத்தி செஞ்சுக்கிட்டிருக்கோம். கட்டற்ற மென்பொருள், காலணா வருமானம் கிடையாது. பதினாலு பேர்ல நிரல் எழுதறது மூணே பேர். மீதிப் பேர் "சூப்பர் தல", "வாழ்த்துகள்", "தமிழ் வாழ்க". ரெண்டு வருஷம் ஓடிப்போச்சு, ஒரு வெளியீடு கூட வரலை. ஒருங்கிணைப்பாளர்ங்கற பேர்ல நான் ஒருத்தன் இருக்கேனே, அதனால அந்த நண்பர்கிட்ட கேட்டேன்: "மாசக் கடைசிக்குள்ள உன் பகுதி முடியுமா, முடியாதா? ரெண்டுல ஒண்ணு சொல்லுப்பா." வந்த பதில்: "நான் என்ன சம்பளத்துக்கா செய்யறேன்? சேவைக்கு எதுக்குய்யா தேதி?"

மக்களே, தமிழ்ல கட்டற்ற மென்பொருள் முயற்சிகள் பாதியில நிக்கறதுக்கு ஆள் இல்லை, காசு இல்லை, ஆதரவு இல்லைன்னு ஆயிரம் காரணம் சொல்றோம். இந்த ஒரு கேள்விதான் முதல் காரணம்னு நான் சொல்றேன். அடிக்க வர்றவங்க கடைசி வரைக்கும் படிச்சுட்டு வாங்க.

எங்க ஊர்க் கதை ஒண்ணு. திருச்சி ஜங்ஷன் பக்கத்து மேம்பாலத்துல மத்த கைகள்ல எல்லாம் வண்டி ஓடிக்கிட்டிருந்தப்ப, எங்க மன்னார்புரம் பக்கம் இறங்க வேண்டிய சென்னைக் கை மட்டும் பல வருஷம் அந்தரத்துல நின்னுச்சு. சிமென்ட்டுக்கோ ஆளுக்கோ பஞ்சமில்லை. ராணுவத்துக்குச் சொந்தமான ஒரு துண்டு நிலம் வேணும், ஒரு ஏக்கர் கூட வராது. அது கைக்கு வர்ற வரைக்கும் வேலை நின்னுச்சு. ஒருவழியா 2023ல திறந்தாங்க. எங்க மென்பொருளும் அதே மாதிரிதான் நிக்குது. அகராதி ரெடி, நிறுவி ரெடி, ஒற்று மிகுமா மிகாதான்னு பாக்கற சந்திப் பகுதி மட்டும் வரலை. அதை எடுத்துக்கிட்டவர்தான் மேலே சொன்ன நண்பர்.

"தன்னார்வலர்களை வெச்சு தேதிக்கு வேலை வாங்க முடியாது"ன்னு சொல்றவங்களுக்கு டெபியன் கதை தெரியுமா? உலகம் முழுக்க ஆயிரத்துக்குப் பக்கமா தன்னார்வலர்கள் சேர்ந்து செய்யற இயங்குதளம் அது. அவங்களும் "தயாரானதும் வெளியிடுவோம்"னுதான் இருந்தாங்க. வூடி 2002 ஜூலைல வந்துச்சு. அடுத்த பதிப்பான சார்ஜ் வர 2005 ஜூன் ஆச்சு. கிட்டத்தட்ட மூணு வருஷம்! அந்த இடைவெளியிலதான், டெபியனையே அடிப்படையா வெச்சு, ஆறு மாசத்துக்கு ஒரு தடவைன்னு கிளம்பின உபுண்டு 2004 அக்டோபர்ல வந்து ஆளை அள்ளிட்டுப் போச்சு.

"அப்ப காசு கொடுத்தா சரியாயிடும்"பீங்க. அதையும் பாத்தாச்சு. 2006ல டங்க்-டேங்க்னு ஒரு ஏற்பாடு. வெளியீட்டு மேலாளர்கள் ரெண்டு பேருக்கு ஆளுக்கொரு மாசம் சம்பளம் கொடுத்து, டிசம்பர் 4க்குள்ள எட்ச் பதிப்பைக் கொண்டு வரணும்னு திட்டம். அவங்களுக்கு மட்டும் காசு, எங்களுக்கு இல்லையான்னு பெரிய சண்டை. சிலர் வெறுத்துப்போய் தன் வேலையைக் குறைச்சுக்கிட்டாங்க. எட்ச் வந்தது 2007 ஏப்ரல் 8. சம்பளம் கொடுத்து தேதியை வாங்கப் போய், மனஸ்தாபத்தை வாங்கினதுதான் மிச்சம்.

அப்புறம் எப்படித் தேறினாங்க? 2009ல ஒரு முடிவு எடுத்தாங்க: ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை உறைவு. அந்த நாளுக்கு அப்புறம் புதுசா எதையும் நுழைக்கக் கூடாது, பிழை திருத்த மட்டும்தான் அனுமதி. புல்ஸ்ஐ 2021 ஆகஸ்ட், புக்வோர்ம் 2023 ஜூன், ட்ரிக்ஸி 2025 ஆகஸ்ட். எண்ணிப் பாத்துக்கோங்க. வெளியிடற நாளை மட்டும் முன்கூட்டியே சத்தியம் பண்ணிக் கொடுக்க மாட்டாங்க. ஆனா கதவு சாத்தற நாள் எல்லாருக்கும் தெரியும்.

இதுல கவனிக்க வேண்டியது, அவங்க யாரையும் மிரட்டலை. ஒரு பொதியில வெளியீட்டைத் தடுக்கற பிழை இருந்து யாரும் திருத்தலைன்னா, அடுத்த பதிப்புக்கான வரிசையில இருந்து அந்தப் பொதி தானா கழண்டுடும். பொறுப்பாளர் எங்கே போனார், ஏன் போனார்னு பஞ்சாயத்து இல்லை. அவர் கைக்கு எட்டலைன்னா இன்னொருத்தர் திருத்தி ஏத்தவும் முறை இருக்கு. அதாவது, நீங்க வரலைன்னா உங்க பகுதி மட்டும் நிக்கும், ஊர் நிக்காது. தன்னார்வலருக்கு இதை விட மரியாதை என்ன வேணும் சொல்லுங்க?

க்னோம்காரங்களும் 2002க்கு அப்புறம் ஆறு மாசக் கணக்குக்குப் போயிட்டாங்க. அங்கே ஸ்ட்ரிங் ஃப்ரீஸ்னு ஒரு நாள் உண்டு. அது தாண்டினா திரையில வர்ற ஒரு சொல்லை மாத்தணும்னாலும் மொழிபெயர்ப்பாளர்கள்கிட்ட அனுமதி கேட்கணும். யோசிச்சுப் பாருங்க, அந்தத் தேதி யாருக்காக? ராத்திரி ஆபீஸ் முடிஞ்சு வந்து "கோப்பு", "அடைவு"ன்னு தமிழாக்கம் பண்றவருக்காக. தேதி இல்லைன்னா அவர் செஞ்சதெல்லாம் மறுநாள் மாறிப்போயிருக்கும். தன்னார்வலரோட நேரத்துக்குக் காவல் நிக்கறதே அந்தத் தேதிதான். ஆனா நம்மாளு அதை அவமானம்ங்கறார்!

இங்க பல பேர் தமிழ்த் தட்டச்சு பழகினது எ-கலப்பைலதான். அப்ப நான் டவுசர் போட்டுக்கிட்டுத் திரிஞ்சேன், அது வேற விஷயம் :-) அதோட ஆரம்பப் பதிப்புகள் கீமேன்ங்கற இன்னொருத்தர் இயந்திரத்து மேல ஓடினவை. "முழுக்க முழுக்க நாமளே எழுதி முடிச்சுட்டுத்தான் வெளியிடுவோம்"னு அந்தக் குழு உக்காந்திருந்தா, நீங்க எழுதின முதல் பதிவு எந்த எழுத்துல வந்திருக்கும்?

இப்ப என் மேலேயே ஒரு குத்து. எங்க குழுவுக்கு சொல் தொகுத்துக் கொடுத்தவர் ஸ்ரீரங்கத்துல ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருத்தர். கணினி பெருசா பழக்கமில்லை. நாலு நீள நோட்டு நிறைய கையாலேயே எழுதிக் கொடுத்தார். வேற்றுமை உருபு சேர்ந்தா சொல் எப்படித் திரியும்னு பக்கத்துலயே பென்சில்ல குறிப்பு வேற. மாசாமாசம் போன் பண்ணுவார். "தம்பி, எப்ப வரும்?" "சீக்கிரம் வந்துடும் சார்." "சரிப்பா, அவசரமில்லை." ஒண்ணரை வருஷம் இப்படியே போச்சு. இந்தத் தடவை நானா போன் பண்ணினேன். பேரன் படிப்பு, மூட்டு வலி, காவிரில தண்ணி வந்ததுன்னு எல்லாம் பேசினார். அதைப் பத்தி மட்டும் கேட்கவே இல்லை.

போனை வெச்சதுக்கு அப்புறம் ரொம்ப நேரம் என்னால வேலை பாக்க முடியலை. நண்பரைத் திட்டறது சுலபம். அவர் ஆறு மாசமா அந்தப் பகுதியைத் தொடலைன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் "பாவம், சும்மா செய்யறவர், எப்படிக் கேக்கறது"ன்னு இருந்தேன். ஒருத்தர்கிட்ட நல்லபேர் வாங்கறதுக்காக இன்னொருத்தரோட நாலு நோட்டைப் பரண்ல போட்டுட்டேன். அவரும் தன்னார்வலர்தானே? அவர் என்ன சம்பளத்துக்கா எழுதினார்?

அதனால தேதி வெச்சாச்சு. வர்ற தை 1. சந்திப் பகுதி இல்லாமதான் வரும். "ஒற்றுப்பிழை பாக்காத திருத்தி ஒரு திருத்தியா?"ன்னு கேட்பீங்க. கேளுங்க, வந்த பொருளைத்தானே திட்ட முடியும்! மார்கழி பிறந்துட்டா புது வசதி எதுவும் உள்ளே வராது. எந்தப் பகுதியையும் ஒருத்தர் கையில மட்டும் விட மாட்டோம், ரெண்டு பேர் பேர் இருக்கும். "என்னால முடியலை"ன்னு எவர் வேணும்னாலும் எப்ப வேணும்னாலும் சொல்லலாம், ஒரு கேள்வி கேட்க மாட்டோம். சொல்லாம இருக்கறதுக்குத்தான் அனுமதி இல்லை.

டிஸ்கி: அந்த நண்பர் இதைப் படிப்பார்னு தெரியும். யோவ், கோவிச்சுக்காத. பொங்கலுக்கு அடுத்த பதிப்பு வேலை ஆரம்பிக்கும், உன் சந்திக்கு அதுல இடம் இருக்கு. மன்னார்புரம் வா, டீ என் செலவு. தேதியை மட்டும் நீ சொல்லு :-)