ஆக்ரா பஜாரும் மதராசி கேம்ப்பும்

2025 ஜூன் 1 அன்று தில்லி ஜங்புராவில் பாராபுல்லா ஓடைக் கரையில் இருந்த மதராசி கேம்ப் புல்டோசர்களால் இடித்துத் தள்ளப்பட்டது. தமிழ்நாட்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்து அரை நூற்றாண்டுக்கும் மேலாக அங்கு வாழ்ந்த சுமார் 370 குடும்பங்களில் 189 மட்டுமே மாற்று வீட்டுக்குத் தகுதியானவை என அறிவிக்கப்பட்டன. அந்த வீடுகளும் சுமார் 40 கிலோமீட்டருக்கு அப்பால் நரேலாவில். வீட்டுவேலை செய்யும் பெண்கள் வேலையிடத்தையும், பிள்ளைகள் தமிழ்ப் பள்ளியையும் ஒரே நாளில் தொலைத்தனர். தலைநகருக்கு உழைப்பு வேண்டும்; உழைப்பாளி வேண்டாம்!

இதே தில்லியில் உழைப்பாளியை மேடையின் நடுவே நிறுத்திய ஒரு கலைஞரை இந்த நேரத்தில் நினைவுகூர்வது பொருத்தமானது. அவர் ஹபீப் தன்வீர்.

1923இல் ராய்ப்பூரில் பிறந்த ஹபீப், பம்பாயில் இந்திய மக்கள் நாடக மன்றத்தில் (இப்டா) உருவானவர். 1954இல் தில்லிக்கு வந்து, மதராசி கேம்ப்பிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஜாமியா மிலியாவில் ‘ஆக்ரா பஜார்’ நாடகத்தை அரங்கேற்றினார். ஜாமியா மாணவர்களோடும் ஆசிரியர்களோடும் ஓக்லா கிராமத்து மக்களும் அதில் நடித்தனர். மக்கள் கவிஞர் நசீர் அக்பராபாதியைப் பற்றிய நாடகம் அது. ஆனால் கவிஞர் மேடையில் தோன்றுவதே இல்லை. வெள்ளரி விற்பவரும் பட்டம் விற்பவரும் அவர் பாட்டைப் பாடுகின்றனர். கவிதை வாழும் இடம் தெரு என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

லண்டனில் நாடகம் பயின்று, பெர்லினில் பிரெக்டின் நாடகங்களைப் பார்த்துத் திரும்பிய அவர், 1958இல் சத்தீஸ்கரின் கிராமியக் கலைஞர்கள் ஆறு பேரைத் தில்லிக்கு அழைத்து வந்தார். அடுத்த ஆண்டு ‘நயா தியேட்டர்’ பிறந்தது. தொடக்கத்தில் அவர்களை இந்தியில் பேசவைத்தபோது நடிப்பு இறுகிப் போயிற்று. 1970களில் அவர்களைச் சொந்தச் சத்தீஸ்கரி மொழியில் பேசவிட்டபோதுதான் மேடை உயிர்பெற்றது. 1975இல் வந்த ‘சரண்தாஸ் சோர்’ 1982இல் எடின்பரோ விழாவில் விருது பெற்றது. பொய் சொல்ல மறுத்ததற்காகக் கொல்லப்படும் ஒரு திருடனின் கதை அது. அதே ஆண்டு வெளிவந்த ‘காந்தி’ உள்ளிட்ட திரைப்படங்களிலும் ஹபீப் நடித்தார்.

சங்கீத நாடக அகாதமி விருது (1969), பத்மஸ்ரீ (1983), பத்மபூஷண் (2002) என அரசு அவரைக் கௌரவித்தது. ஆனால் தீண்டாமையையும் புரோகித ஏமாற்றையும் நையாண்டி செய்த ‘பொங்கா பண்டிட்’ நாடகத்தைச் சங் பரிவாரக் கும்பல்கள் தாக்கியபோது அந்த விருதுகள் அவருக்குக் கேடயமாகவில்லை. எண்பது வயதிலும் அவர் நாடகத்தை நிறுத்தவில்லை. 1988இல் ஜன நாட்டிய மஞ்ச்சுக்காகத் தோழர் சப்தர் ஹஷ்மியோடு இணைந்து ‘மோட்டேராம் கா சத்யாகிரஹ்’ நாடகத்தை உருவாக்கியதும் இந்த நிலைபாட்டின் தொடர்ச்சியே. சில மாதங்களில், 1989 புத்தாண்டு நாளில், சாஹிபாபாத்தில் தொழிலாளர் நடுவே வீதி நாடகம் நடத்திக்கொண்டிருந்த சப்தர் தாக்கப்பட்டு, மறுநாள் உயிரிழந்தார்.

“வீடு இழந்தவர்களுக்கு நாடகமா?” என்று சிலர் கேட்கலாம். குடியிருப்புரிமைப் போராட்டத்துக்கு மாற்றாகக் கலையை யாரும் முன்வைக்கவில்லை. ஆனால் இடிக்கப்பட்டது சுவர்கள் மட்டுமல்ல. வேலை, மொழி, கோயில், அக்கம்பக்கம் எனத் தலைமுறைகள் கட்டிய ஒரு வாழ்வும் சிதறடிக்கப்பட்டுள்ளது. ஆட்சியாளர்களின் ஆவணங்களில் அம்மக்கள் ‘ஆக்கிரமிப்பாளர்கள்’. அந்தச் சொல்லை மறுத்து, இந்த நகரைக் கட்டியவர்கள் நாங்கள் என்று அவர்களே தங்கள் வாயால் சொல்ல வேண்டும்.

ஆகவே நமது கலைக் குழுக்கள் நரேலாவுக்கும், வீடு மறுக்கப்பட்டவர்கள் வாடகைக்குச் சிதறியுள்ள இடங்களுக்கும் செல்ல வேண்டும். அவர்களுக்காக நடித்துக் காட்டிவிட்டுத் திரும்புவது போதாது. அவர்களையே, அவர்களின் தமிழிலேயே, நடிக்கச் செய்ய வேண்டும். உழைக்கும் மக்கள் பார்வையாளர்கள் அல்லர் என்பதே ஹபீப் தன்வீரின் அரை நூற்றாண்டுக் கலைவாழ்வு நமக்கு விட்டுச்சென்ற பாடம்.