கருங்கலில் தெருநாயே கிடையாது!

தலைப்பைப் பார்த்தால் சிரிப்பு வரும். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் கருங்கல் சந்தைப் பக்கம் நடந்து போனவர்களுக்கு இன்னும் கொஞ்சம் அதிகமாகவே வரும். மீன் விற்ற இடத்தில் எட்டு பத்து, பஸ் நிற்கும் இடத்தில் அஞ்சாறு, கறிக்கடை முன்னால் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு நாலு... அப்போ இதெல்லாம் என்னவாம்?

இதெல்லாம் வீட்டு நாய்கள். யாரோ ஒருத்தர் வீட்டு விறகுப்புரையில் பிறந்து, கண் திறந்து, பால்குடி மறக்கும் முன்னால் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து விடப்பட்டவை. இல்லையென்றால் அப்படி விடப்பட்டவற்றின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். எந்த நாயும் காட்டிலிருந்து இறங்கி வரவில்லை. கருங்கலைச் சுற்றி இறங்கி வருவதற்குக் காடும் இல்லை, ரப்பர்தான் இருக்கிறது.

வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். இந்தப் பக்கத்துக் கிராமம் பாண்டிநாட்டுக் கிராமம் மாதிரி தெருவும் வரிசை வீடுமாக இருக்காது. ஆளாளுக்கு ஒரு விளை. விளைக்கு நடுவில் வீடு, வீட்டைச் சுற்றித் தென்னை, வாழை, மரச்சீனி, பலா. அடுத்த வீட்டைக் கூப்பிட வேண்டுமென்றால் தொண்டை கிழியக் கத்த வேண்டும். இந்த அமைப்பில் நாய் இல்லாமல் முடியாது. விழுந்த தேங்காய் காலையில் கிடைக்க வேண்டும், கொடியில் காயும் ரப்பர் ஷீட் களவு போகாமல் இருக்க வேண்டும், கோழிக்கூட்டில் மரநாய் கைவைக்காமல் இருக்க வேண்டும். எலிக்குப் பூனை. அதனால் வீட்டுக்கு ரெண்டு நாயும் மூணு பூனையும் என்பது இங்கே ஆடம்பரமும் இல்லை, ஜீவகாருண்யமும் இல்லை. மண்வெட்டி, கடப்பாரை மாதிரி அதுவும் ஒன்று.

காலையில் மீன் வண்டியின் ஹாரன் கேட்பதற்கு ஒரு நிமிஷம் முன்னாலேயே பூனைகளுக்குத் தெரிந்துவிடும். குளச்சல், குறும்பனை, மிடாலம் என்று எந்தக் கரையிலிருந்து வந்த மீனாக இருந்தாலும் சரி, வீட்டம்மா பின்வாசலில் வெட்ட உட்கார்ந்தால் சுற்றிப் பூனைகள் அரைவட்டமாக உட்காரும். அதற்குப் பின்னால், மரியாதையான தூரத்தில், நாய்கள். செவிளும் குடலும் பூனைக்கு, தலை நாய்க்கு, நடுவில் ஒரு காக்கா வந்து ரெண்டையும் ஏமாற்றும். அந்த அம்மா ஒவ்வொன்றையும் திட்டிக்கொண்டே போடுவார். எந்தப் பூனை நேற்று வரவில்லை என்றும் அவருக்குத் தெரியும். இது ஒரு அழகான காட்சிதான். இதில் யாருக்கும் சண்டை இல்லை.

சண்டை அடுத்த மாசம் வரும். பெட்டை குட்டி போட்டதும்.

அஞ்சு குட்டியில் ரெண்டு ஆண் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ரெண்டையும் கேட்டு வாங்கிக்கொண்டு போக ஆள் வரும். மீதி மூணு பெட்டை. "பெட்டையா? வேண்டாம் பிள்ளே, அது பெத்துத் தள்ளும்." இவ்வளவுதான் பேச்சு. ராத்திரி பத்து மணிக்கு வீட்டுக்காரர் ஸ்கூட்டரை எடுப்பார். முன்னால் ஒரு சாக்கு. சந்தை மூலை, பள்ளிக்கூட மதில், கல்லறைத் தோட்டம், கால்வாய்க் கரை... எது இருட்டாக இருக்கிறதோ அது. பூனைக்குட்டி என்றால் சாக்குகூட வேண்டாம், கடைப் பை போதும். திரும்பி வந்து காலைக் கழுவிவிட்டுப் படுத்தால் தூக்கமும் வரும். ஏனென்றால் அவரிடம் நியாயம் தயாராக இருக்கிறது: "கொல்லலியே, உயிரோடதானே விட்டேன். சந்தையில மீனைத் தின்னு பெழச்சுக்கிடும்."

பிழைக்காது. பாதிக்கு மேல் முதல் வாரத்திலேயே டாரஸ் லாரிக்கடியில் போய்விடும், இல்லையென்றால் பட்டினியிலும் மழையிலும் போகும். தப்பிப் பிழைக்கிற ஒன்றிரண்டுதான் அப்புறம் எல்லோரும் சேர்ந்து திட்டுகிற 'தெருநாய்த் தொல்லை'.

கூட்டுவட்டி படித்தவர்களுக்கு மீதிக் கணக்கு சுலபம். நாயின் சினைக்காலம் சுமார் 63 நாள். வருஷத்துக்கு ரெண்டு ஈற்று வரை போடும். அதில் வருஷத்துக்கு ரெண்டே ரெண்டு பெட்டைக்குட்டி பிழைத்தால் போதும். அடுத்த வருஷம் ஒன்று மூணாகும், அதற்கடுத்த வருஷம் ஒன்பது, அதற்கும் அடுத்து இருபத்தேழு. லாரியும் நோயும் இதைக் குறைக்கும் என்பது சரிதான், ஆனால் அசல் தினமும் புதிதாகச் சாக்கில் வந்து இறங்கிக்கொண்டிருக்கிறதே! பூனைக் கணக்கு இதைவிட மோசம். அது ஆறு மாசத்திலேயே தாயாகிவிடும்.

இப்போது இன்னொரு காட்சி. விடியற்காலை. பேப்பர் போடும் பையன் சைக்கிளில் வருகிறான், இல்லையென்றால் ரப்பர் பால் வெட்டுபவர் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு விளை வழியாக வருகிறார். வாசலில் கிடந்த நாய் பாய்ந்து ஆடுதசையில் கடிக்கிறது. அந்த நாய் அந்த வாசலில் மூணு வருஷமாகக் கிடக்கிறது. அதற்கு அந்த வீட்டில் பெயரும் உண்டு, தட்டும் உண்டு. கடி வாங்கியவர் வீட்டார் போய்க் கேட்டால் என்ன பதில் வரும்?

"அது நம்ம பட்டியில்ல, கேட்டியளா. சும்மா வந்து கெடக்கது."

மூணு வருஷம் தேங்காய்க்குக் காவல் நின்றபோது நம்ம பட்டி. கடித்த அன்றைக்குச் சும்மா வந்து கிடப்பது. சொத்துப் பக்கத்தில் மட்டும் எழுதி, பொறுப்புப் பக்கத்தைக் காலியாக விட்டுவிட்டு, ஐந்தொகை சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போடுகிற கணக்கு இது. எந்த ஆடிட்டரும் ஒத்துக்கொள்ள மாட்டார். ஊர் ஒத்துக்கொள்கிறது.

இது வெறும் வாய்ப்பேச்சுப் பொய்யாக இருந்தால் போகட்டும் என்று விட்டுவிடலாம். இந்தப் பொய்யில் உயிர் இருக்கிறது. கடித்த நாயோ பூனையோ பத்து நாள் கழித்தும் நல்லபடியாகத் தின்று திரிந்தால், கடித்த நேரத்தில் அதன் எச்சிலில் ரேபிஸ் இல்லை என்று அர்த்தம். உலகம் முழுக்க டாக்டர்கள் நம்பும் விதி அது. அதற்காகக் காத்திருக்காமல் ஊசியை உடனே தொடங்கிவிட வேண்டும் என்பது வேறு விஷயம். ஆனால் நாய்க்குச் சொந்தக்காரர் இருந்தால்தானே அதைக் கட்டிப்போட்டுப் பார்க்க முடியும்? அதற்கு ஊசி போட்டிருக்கிறதா என்று கேட்க முடியும்? "நம்ம பட்டியில்ல" என்ற ரெண்டு வார்த்தையில் அந்தக் கதவு சாத்தப்பட்டுவிடுகிறது. மறுநாள் நாயையும் காணாது. யாராவது விஷம் வைத்திருப்பார்கள்.

ரேபிஸ் வெளியே தெரிய ஆரம்பித்துவிட்டால் மருந்து கிடையாது. அநேகமாக நூற்றுக்கு நூறு மரணம்தான். உலகத்தில் வருஷத்துக்குச் சுமார் 59,000 பேர் இதில் சாகிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனம் எடுத்தாளும் மதிப்பீடு. அதில் மூன்றில் ஒரு பங்கு இந்தியாவில். தமிழ்நாட்டில் 2024-ல் மட்டும் பதிவான நாய்க்கடி 4.8 லட்சம், ரேபிஸ் மரணம் 43. கருங்கலில் மலையாளச் சேனல் ஓடாத வீடு குறைவு, அதனால் 2022 செப்டம்பரில் பத்தனம்திட்டை மாவட்டத்தில் நடந்தது பலருக்கும் ஞாபகம் இருக்கும். 12 வயதுச் சிறுமி. மூணு ஊசி போட்டும் இறந்துபோனாள். கண் பக்கத்திலும் கடி. வைரஸ் நரம்பு வழியாக மூளைக்கு ஊர்ந்து போகும். முகத்தில் கடித்தால் அது போக வேண்டிய தூரம் ரொம்பக் குறைவு. ஊசி வேலை செய்யத் தொடங்கும் முன்னால் அது போய்ச் சேர்ந்துவிடலாம். குழந்தையின் முகம் நாயின் முகத்துக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

ஆனாலும் இன்னும் காயத்தில் சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்ப்பொடி. முதலில் செய்ய வேண்டியது சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில், பதினைந்து நிமிஷம் கழுவுவது. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி. தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்று பயந்து வீட்டிலேயே உட்கார்ந்திருப்பவர்கள் இப்போதும் உண்டு. அந்தப் பழைய மருந்து 2000-களின் நடுவிலேயே ஒழிந்துவிட்டது. இப்போது அரசு ஆஸ்பத்திரியில் கையில் நாலு தவணை, அதுவும் இலவசம். ரத்தம் வந்த ஆழமான கடி என்றால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் போட வேண்டும். கேட்டு வாங்குங்கள். பூனை பிறாண்டினால் யாருமே போவதில்லை, "நம்ம குறிஞ்சிதானே" என்று பூனைக்குச் செல்லப்பேர் சொல்லிச் சிரிப்பதோடு சரி. பூனைக்கும் ரேபிஸ் வரும்.

2025 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் டெல்லி வட்டாரத் தெருநாய்களை எல்லாம் பிடித்து அடைக்கச் சொன்னபோது டீக்கடைகளில் ஒரே கொண்டாட்டம். பதினோரு நாளில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. வெறி பிடித்தவை, மூர்க்கமானவை தவிர மற்றவற்றைக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்றது. டீக்கடை சோகமானது. நவம்பர் 7-ல் பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து அகற்றி, அங்கே திரும்ப விடக்கூடாது என்று இன்னொரு உத்தரவு. மறுபடி கொண்டாட்டம். ஒரு பக்கம் நாய் நேசர்கள், மறுபக்கம் "எல்லாத்தையும் கொல்லு" கட்சி. ரெண்டு பேரும் தெருவில் நிற்கிற நாயைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அது தெருவுக்கு எந்த வீட்டிலிருந்து வந்தது என்று ரெண்டு பேருமே கேட்கவில்லை!

கொன்று தீர்க்கலாம் என்பவர்களுக்குச் சென்னையே பதில். மாநகராட்சி பல பத்தாண்டுகள் நாய்களைப் பிடித்துக் கொன்றது. நாய் தீரவில்லை. பிறகு 1996-ல் கொல்வதை விட்டு, புளூ கிராஸ் 1964 முதல் சொல்லிவந்த கருத்தடை வழிக்கு வந்தது. கொல்வது குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு தரையைத் துடைக்கிற வேலை. கோவா வேறு வழியில் போனது. ஊர் ஊராக, வீடு வீடாகப் போய் நாய்க்கு ஊசி போட்டார்கள். 2021-ல் அங்கே ரேபிஸ் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டதாக அரசே அறிவித்தது. நூற்றுக்கு எழுபது நாய்க்கு ஊசி போட்டால் நோய்ச் சங்கிலி அறுந்துவிடும் என்பதுதான் அதன் பின்னால் இருந்த கணக்கு.

சட்டம் என்ன சொல்கிறது? 2023-ல் வந்த விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் தெளிவாகப் பிரிக்கின்றன. வளர்ப்புப் பிராணிக்கு ஊசியும் கருத்தடையும் சொந்தக்காரர் பொறுப்பு, தெருப் பிராணிக்கு உள்ளாட்சி பொறுப்பு. சட்டம் எழுதினவர் கருங்கலுக்கு வந்ததில்லை போல. :) இங்கே இருப்பது மூணாவது ஜாதி. ராத்திரி வளர்ப்பு நாய், பகலில் தெருநாய். வீட்டுக்காரர் பேரூராட்சியைக் காட்டுவார், பேரூராட்சி வீட்டுக்காரரைக் காட்டும், நாய் நடுவில் நின்று குட்டி போடும்.

குட்டியைச் சாக்கில் கட்டி விடுவதும் குற்றம்தான். பட்டினியால் தவிக்கும்படி பிராணியைக் கைவிடுவது 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் வருகிறது. முதல் தடவைக்கு அபராதம் பத்து ரூபாய்க்குக் குறையாமல், ஐம்பது ரூபாய்க்கு மிகாமல்! 1960-ல் அது ஒரு தொகை. இன்றைக்குக் கருங்கல் சந்தையில் ஐம்பது ரூபாயை நீட்டினால் நல்ல அயலைக் கூறு தர மாட்டார்கள். சாக்கின் விலையைச் சேர்த்தாலும் கருத்தடைக்கு ஆகும் செலவில் ஒரு மூலைக்கு வராது. எது லாபம் என்று யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

அதற்காகப் பழி முழுவதையும் அந்த ஸ்கூட்டர்காரர் தலையில் போட்டுவிட முடியாது. தினக்கூலி வாங்குகிற வீட்டில் பெட்டை நாயின் ஆபரேஷனுக்குச் சில ஆயிரம் எடுத்து வைக்கச் சொல்வது எளிது, வைப்பது கஷ்டம். கிராமத்துக் கால்நடை ஆஸ்பத்திரி மாட்டையும் ஆட்டையும் நினைத்துக் கட்டப்பட்டது. பேரூராட்சி தெருவிளக்குக்கும் குப்பைக்கும் கணக்கு எழுதுகிற மாதிரி இதற்கும் ஒரு தலைப்பு போட்டு எழுத வேண்டும். மாசம் ஒரு நாள் ஒரு வண்டி, ஒரு டாக்டர், பிடிக்கத் தெரிந்த ரெண்டு ஆள். பெட்டைகளுக்கு மட்டும் முதலில். ஆணை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நாய் பிடிக்கும் வேன் வாங்குவதைவிட, பெட்டைக்குட்டியை வைத்துக்கொள்ளும் வீட்டுக்கு ஆபரேஷன் இலவசம் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொன்னாலே சாக்குகள் பாதியாகக் குறையும்.

வருஷா வருஷம் செப்டம்பர் 28, உலக ரேபிஸ் தினம். அதையொட்டிக் கால்நடை ஆஸ்பத்திரிகளில் இலவச ஊசி முகாம் நடக்கும். யார் வருகிறார்கள் என்று ஒரு தடவை போய் நின்று பாருங்கள். சங்கிலியில் லாப்ரடார் வரும், மடியில் பொமரேனியன் வரும், ஷாம்பு வாசத்தோடு வரும். மூணு வருஷமாகத் தேங்காய்க்குக் காவல் கிடக்கிற அந்தச் செவலைப் பெட்டை வராது. அதைக் கூட்டிவர யாருக்கும் மனசில்லை என்றுகூடச் சொல்ல முடியாது. அதன் கழுத்தில் இதுவரை யாரும் கயிறு போட்டதில்லை. இப்போது போடப் போனால் கடிக்கும்.