கண்ணாடித் தொட்டியில் கிடைத்த எச்சரிக்கை

1971-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் இத்தாலியின் லா ஸ்பெசியா துறைமுகத்தில், நாட்கணக்கில் கப்பலிலேயே தங்கி, லேசான அம்சங்கள் ஆவியாகிப் போனதால் சற்றே கனத்தும் சூடேறியும் இருந்த திரவ இயற்கை வாயுவை, சேமிப்புத் தொட்டியில் முன்பே இருந்த லேசான திரவத்துக்கு அடியில் செலுத்தி நிரப்பினார்கள். ஒரு நாள் கழிவதற்குள் சுமார் 2,000 டன் வாயு சில மணி நேரத்தில் ஆகாயத்தில் பீறிட்டது. அது தீப்பற்றாமல் போனது பெரும் பாக்கியம்.

மைனஸ் 162 டிகிரிக் குளிரில் இருக்கும் அத்திரவத்துக்குள், எவ்வளவு தடித்த காப்பு அமைத்தாலும், உஷ்ணம் கசிந்துகொண்டேதான் இருக்கும். மேலடுக்கு அவ்வுஷ்ணத்தைத் தனக்குள் எழுந்து சுழலும் வெப்பச் சலனத்தால் மேற்பரப்புக்குச் சேர்த்து, ஆவியாகித் தணிந்துகொள்கிறது. கீழடுக்கோ, மேற்பரப்பை எட்ட வழியின்றித் தன்னுள்ளேயே சுழன்று சூடேறி, சூடேறச் சூடேறக் கனம் குறைந்து, இரண்டின் அடர்த்தியும் சமமாகும் தருணத்தில் எல்லை அழிந்து மேலே புரண்டு, அதுவரை சேர்ந்திருந்த உஷ்ணத்தையெல்லாம் ஒரேயடியாக ஆவியாக வெளிவிடுகிறது.

இவ்விபத்துக்கு 6 ஆண்டுகள் முன்பே, 1965-இல், ஆஸ்திரேலிய விஞ்ஞானி ஸ்டூவர்ட் டர்னர், உப்பு நீரின் மேல் நன்னீரை அடுக்கி, அடியிலிருந்து சூடேற்றி, இடைப்பட்ட மெல்லிய எல்லையைக் கடந்து உஷ்ணம் எவ்வளவு, உப்பு எவ்வளவு செல்கின்றன என்று அளந்து பிரசுரித்திருந்தார். நீரில் உஷ்ணம் உப்பைக் காட்டிலும் சுமார் 100 மடங்கு விரைவாகப் பரவுவதால், அவ்வெல்லை உஷ்ணத்துக்கு வழிவிட்டும் உப்பைத் தடுத்தும் நெடுநேரம் நிலைத்து நிற்கிறது. சமுத்திரத்தின் அடுக்குகளை அறியும் ஆவலில் பிறந்த பரிசோதனை அது. எனினும், வாயுத் தொட்டிகளில் அடுக்குகள் புரள்வதைக் கணிதமாக வகுக்கப் பின்னர் முற்பட்டவர்கள் டர்னரின் அளவுகளையே நாடினார்கள்.

ஆகவேதான், ஓர் ஆராய்ச்சிக்குப் பொருளுதவி கோரி வருபவரிடம், "இதனால் உடனடிப் பிரயோஜனம் என்ன?" என்று முதலிலேயே கேட்கும் வழக்கத்தை நான் வன்மையாக ஆட்சேபிக்கிறேன். டர்னரிடம் அப்படிக் கேட்டிருந்தால், வாயுத் தொட்டியைப் பற்றி அவர் என்ன சொல்லியிருக்க முடியும்? இவ்விஷயம் நமக்கும் அயலானதன்று; 2019 முதல் எண்ணூரிலும் திரவ இயற்கை வாயுவுக்கென ஒரு முனையம் இயங்கி வருகிறது. இத்தகைய தொட்டிகளில் ஆழந்தோறும் உஷ்ணத்தையும் அடர்த்தியையும் அளந்து, அடுக்கு தோன்றினால் பம்புகளால் கலக்கிவிடும் முறை இன்று உலகெங்கும் உள்ளது. அம்முறையின் காரணத்தை நம் பொறியியல் மாணவர் கண்ணாரக் கண்டு கற்க ஒரு கண்ணாடித் தொட்டி, உப்பு, சாயம், சூடேற்றி, சில வெப்பமானிகள் போதும். நம் பல்கலைக்கழகங்கள் தம் ஆராய்ச்சி நிதியில் ஒரு பகுதியையேனும் இத்தகைய சிறு பரிசோதனைகளுக்கென, பலன் கேளாமல், சில ஆண்டுகளுக்குத் தொடர்ந்து ஒதுக்க வேண்டும்.